போர்டுல இன்னும் டைம் இருந்துச்சு

ஜன்னலோரம் நீங்க உக்காருங்க அண்ணாச்சி. எனக்குச் சாய முடியாது. முதுகு முழுக்க லத்தி. இப்ப தேவல, முதல்லல்லாம் குப்புறத்தான் படுத்துக் கிடந்தேன். இல்ல இல்ல, திருட்டுக் கேஸுல்லாம் கிடையாது, பைய மடியில வச்சிக்கிட வேண்டாம். நான் என்ஜினீயர். மெட்ராஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுதேன், ஊர்ல இருந்தே வேலை. இப்ப கோர்ட்டுக்குப் போறேன். என் ஜாமீனை ரத்து பண்ணணும்னு மனு போட்டிருக்காங்க. எதுக்குன்னு கேளுங்க. ஒரு மனுசனை வீட்டுல போயிப் பாத்ததுக்கு. செருப்பை வெளியில கழட்டிப் போட்டுட்டு, கையில ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு, மரியாதையாப் போயிப் பாத்ததுக்கு.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். எல்லாரும் நடுவுல இருந்து கேக்குதாங்க, அதான் என்னையப் பாத்தா குத்தவாளி மாதிரி தெரியுது.

எங்க ஊரு செவக்காட்டுப்பட்டி. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருசா வருசம் கபடிப் போட்டி நடக்கும். இந்த வருசம் சும்மா நடத்தக் கூடாது, டி.வி.யில வாரது மாதிரி நடத்தணும்னு நான்தான் கமிட்டியில சொன்னேன். பெரிய எல்.இ.டி. போர்டு, அதுல ஸ்கோரு, டைமு. கபடி கபடின்னு பாடிப் போறவனுக்கு முப்பது செகண்டுல்லா? எதிராளியத் தொட்டாலும் தொடாட்டியும் அதுக்குள்ள திரும்பி வந்துறணும், இல்லன்னா அவுட்டு. அந்த முப்பதும் போர்டுல ஒண்ணொண்ணாக் குறையும். சைபர் வந்ததும் ஹாரன் அடிக்கும். எல்லாம் என் லேப்டாப்புல இருந்து, நான் எழுதுன புரோகிராம். மாசக்கணக்கா உக்காந்து எழுதுனேன். வீட்டுல என் ரூம்ல வச்சு, செல்லுல ஸ்டாப்வாட்சைப் போட்டுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும். மயிரிழை பிசகாது, பாத்துக்கிடுங்க.

நடுவரு கோயில்பிள்ளை சார். ரிட்டயர்டு டிரில் வாத்தியாரு. கழுத்துல விசிலு, கையில ஒரு பழைய ஸ்டாப்வாட்சு. நான் சொன்னேன், "சார், அதைப் பையில போடுங்க. ஒரு கிரவுண்டுல ரெண்டு டைம் இருக்கக் கூடாது. போர்டு சொல்லும், நீங்க ஊதுங்க." அவரு கமிட்டியப் பாத்தாரு. கமிட்டி என்னையப் பாத்துச்சு. போட்டுட்டாரு. நான் கட்டாயப்படுத்துனேன்னு இப்ப சொல்லுதாங்க. சொன்னேன், அவ்வளவுதான். அவரு போட்டாரு.

காலையில மேட்ச் எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. பைனல் சாயங்காலம். எங்க ஊருக்கும் நல்லாம்பாறைக்கும். நல்லாம்பாறை எங்களுக்குப் பக்கத்து ஊரு. எப்பவும் ஒரு முறைப்பு உண்டு. குளத்துத் தண்ணி, பஸ் ஸ்டாப்பு, எதுக்காவது ஒண்ணுக்கு முட்டிக்கிடுவோம். அவங்க கேப்டன் வேம்புராஜ். நல்ல ஆட்டக்காரன், அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். இடது கார்னர்ல நின்னு கணுக்காலப் புடிச்சான்னா லாரியக் கூட நிறுத்திருவான். மாநில டீமுக்கு எடுத்திருந்தாங்க. எங்க பக்கம் பாடுறதுக்கு என் சித்தப்பா மகன் பேச்சிக்குமார். ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல படிச்ச பயலுவ.

பைனலுக்கு மட்டும் லைவ் போடணும்னு முடிவாச்சு. வெளிநாட்டுல இருக்குத நம்ம பையங்க எல்லாம் செல்லுல பாக்கணும்லா. லைவுக்கு என் கூட்டாளி லிங்கதுரை. ஸ்டுடியோ வச்சிருக்கான், கல்யாண வீடியோ எடுப்பான். அவன் தனியா ஒரு லேப்டாப்பு கொண்டாந்தான். "மாப்ள, லைவை என்னதுல ஓட்டிக்கிடுதேன், உன்னதுல ஸ்கோர் மட்டும் ஓடட்டும்"னான். நான் வேண்டாம்னுட்டேன். ஏன்னா படத்துக்கு மேல ஸ்கோரு வரணும், டைம் வரணும், மூலையில 'மென்பொருள் ஆக்கம்: இசக்கிராஜா'ன்னு என் பேரு வரணும். அது என் புரோகிராம் வழியாப் போனாத்தான் வரும். உழைச்சவன் பேரு வரதுல தப்பு இருக்கா? நீங்களே சொல்லுங்க.

மேட்ச் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல லிங்கதுரை என் தோளைத் தட்டுதான். "மாப்ள, போர்டுல எண்ணு நொண்டுது. பதினெட்டுல நின்னு நின்னு போகுது." அவ்வளவு கூட்டம், அவ்வளவு சத்தம், நான் ஸ்கோர் அமுக்குவேனா இவன் கதையக் கேப்பேனா? "நீ தாலி கட்டுததப் படம் புடிக்கவன், டைமரப் பத்தி எனக்குச் சொல்லாத. உன் கேமராவப் பாரு"ன்னேன். போயிட்டான். அதுக்கு அப்புறம் அவன் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கணும்லா? கூட்டாளின்னா ரெண்டாவது தடவையும் சொல்லணும்.

பாடிப் போற கடைசி ரெய்டு. நல்லாம்பாறை ஒரு பாயிண்டு மேல. பேச்சிக்குமார் தொடாமத் திரும்புனா அவங்க ஜெயிச்சாங்க. கிரவுண்டுல இருந்த சனம் அம்புட்டும் எந்திரிச்சு நிக்கி. இவன் கோட்டைத் தாண்டிப் போனான். அவங்க கிட்ட வரல. ஒதுங்கி ஒதுங்கி நின்னாங்க. டைமக் கடத்துனாப் போதும்லா. நல்லாம்பாறை சனம் பூரா சத்தமா எண்ணுது. இருபத்தஞ்சு, இருபத்தாறுன்னு அவங்க எண்ணுதாங்க, எங்க போர்டுல இன்னும் ஒம்பது நிக்கி, எட்டு நிக்கி. அவங்க வேகமா எண்ணுதாங்கன்னு நான் நினைச்சேன். ஆத்திரத்துல எண்ணுனா வேகமாத்தான வரும்.

அவங்க "முப்பது"ன்னு கத்துனதும் வேம்புராஜ் நிமிந்துட்டான். கையைத் தூக்கிக்கிட்டு நடுவரப் பாத்துத் திரும்பி, "சார், டைம்!"ங்கான். முதுகு இந்தப் பக்கம். பேச்சிக்குமார் அந்த முதுகுல ஒரு தட்டு, பக்கத்துல நின்னவன் தோள்ல ஒரு தட்டு, ஒரே பாய்ச்சலா நம்ம கோட்டுல வந்து விழுந்தான். போர்டுல இன்னும் டைம் இருந்துச்சு அண்ணாச்சி. ரெண்டு செகண்டு இருந்துச்சு. அவன் விழுந்து எந்திரிச்ச பிறகுதான் ஹாரனே அடிச்சுது. ரெண்டு பாயிண்டு. நாங்க ஜெயிச்சாச்சு.

அவங்க அம்புட்டுப் பேரும் கோயில்பிள்ளை சாரைச் சுத்திக்கிட்டாங்க. ஒருத்தன் விசிலு கயித்தப் புடிச்சு இழுக்கான், அவரு கழுத்து சிவந்து போச்சு. அவரு அங்க இருந்தே என்னையப் பாத்துக் கேக்காரு, "இசக்கிராஜா, டைம் சரிதானா? நிச்சயமாச் சொல்லு." என் கையில மைக்கு இருந்துச்சு. கேட்டா பதில் சொல்லணும்லா? சொன்னேன். "மெஷினுக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. தோக்குதவனுக்குத்தான் கண்ணும் தெரியாது, எண்ணவும் தெரியாது." ஒரு வார்த்தைதான். எட்டு ஸ்பீக்கர்ல போச்சு, அதுக்கு நான் என்ன செய்ய?

முதல் சேரு யாரு எறிஞ்சான்னு தெரியாது. பிளாஸ்டிக் சேரு ஒண்ணு போர்டுல வந்து அடிச்சுது. அப்புறம் எங்கயும் சேருதான், சோடா பாட்டில்தான். வேம்புராஜ் நேரா பேச்சிக்குமார்கிட்ட வந்து, "மனசாட்சியத் தொட்டுச் சொல்லுல, டைம் முடியலயா?"ன்னான். எங்க ஊர்ப் பயலுவ பேச்சிக்குமாரைத் தோள்ல தூக்கி வச்சு ஆடிக்கிட்டு இருக்காங்க, அவன் மேல இருந்தபடியே காலால உதைச்சான். வேம்புராஜ் மூக்குல பட்டு ரத்தம். வேம்புராஜ் அவனைக் கீழ இழுத்துப் போட்டு முழங்கையால வாயில ஒரு இடி. முன்பல்லு ரெண்டு போச்சு. அப்புறம் எங்க ஆளுங்க கேலரியில கட்டியிருந்த இரும்புக் குழாய உருவுனாங்க. நாலு பேரு வேம்புராஜை மண்ணுல அமுக்கிப் புடிச்சாங்க. பேச்சிக்குமார் வாயில ரத்தத்தோட குழாய வாங்கி முட்டியில அடிச்சான். ஒரு அடி, ரெண்டு அடி. மூணாவது அடியில கேட்ட சத்தம் இருக்கே... விறகு முறியுத சத்தம். வேம்புராஜ் கால் வேற பக்கம் பாத்து மடங்கிக் கிடந்துச்சு.

இதெல்லாம் நான் மேடையில நின்னு பாத்தது. நான் அங்க போகல. என் வேலை லேப்டாப்ப காப்பாத்துதது. அவ்வளவு உழைப்பு அதுக்குள்ள இருக்குல்லா.

அப்பதான் கூட்டத்த விலக்கிக்கிட்டு ஒரு ஆளு மேடைக்கு ஓடி வாராரு. நாப்பது வயசு இருக்கும், காக்கிச் சட்டை. வலது கையை முன்னால நீட்டிக்கிட்டு வாராரு. கையில கருப்பா என்னமோ இருக்கு. வாய் அசையுது, இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. லேப்டாப்ப உடைக்கத்தான் வாராருன்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. லிங்கதுரை கேமரா ஸ்டாண்டு, மூணு கால் வச்சது, கைக்குப் பக்கத்துல நின்னுச்சு. அதைத் தூக்கி ஒரே வீச்சு. முகத்துல பட்டுது. காலோட நுனி கூரா இருக்கும், தரையில ஊனுததுக்கு. அது கண்ணுல இறங்கிருச்சு. அந்த ஆளு ரெண்டு கையாலயும் முகத்தப் பொத்திக்கிட்டு மேடைப் படியில உக்காந்தாரு. விரலுக்கு இடையில வழிஞ்சது ரத்தம் மட்டும் இல்ல. வேண்டாம், சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்க.

நான் இன்னொரு தடவை ஓங்கினேன்னு எப்.ஐ.ஆர்.ல எழுதியிருக்காங்க. ஓங்கினேன், அடிக்கல. அதுக்குள்ள லிங்கதுரை என் இடுப்பப் புடிச்சுக்கிட்டான்.

போலீஸ் வந்து யாரு என்னன்னு பாக்கல. குனிஞ்சு லேப்டாப்ப மூடிக்கிட்டு இருந்தேன், முதுகுலயே விழுந்துச்சு. "சார், நான் என்ஜினீயர்"ங்கேன். அதைக் கேட்ட பிறகு கூட ரெண்டு.

ஸ்டேஷன்லதான் தெரிஞ்சுது, அந்த ஆளு பேரு தங்கமாரி. வேம்புராஜுக்கு அண்ணன், கூடப் பிறந்தவரு. பள்ளிக்கூட வேன் ஓட்டுதவரு. கையில இருந்த கருப்பு அவரு செல்லு. தம்பி ஆட்டத்தப் படம் புடிச்சிருக்காரு. அந்தக் கடைசி ரெய்டு முழுசா அதுல இருக்கு. இன்ஸ்பெக்டர் என் முன்னாடி அதைப் போட்டுக் காட்டுனாரு. பேச்சிக்குமார் கோட்டைத் தாண்டுததுல இருந்து திரும்பி வந்து விழுகுத வரைக்கும், வீடியோவுல ஓடுன நேரம் முப்பத்தஞ்சு செகண்டு. "என்னடா இது?"ன்னாரு. நான், "சார், செல்லுல வாரத நம்ப முடியாது"ன்னேன். கன்னத்துல ஒண்ணு விட்டாரு. காது இன்னும் இரையுது.

ஜெயில்ல குப்புறக் கிடந்து யோசிச்சேன். என்ன நடந்திருக்கும்னு புடிச்சிட்டேன் அண்ணாச்சி. ரொம்ப அழகான விசயம், சொல்லுதேன் கேளுங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஒரே நேரத்துல பல வேலை ஓடும். ஒவ்வொண்ணையும் ஒரு திரெட்டும்போம். டைமுக்கு ஒரு திரெட்டு, போர்டுக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணு, லைவ் அனுப்ப ஒண்ணு. டைம் திரெட்டுக்கு நான் என்ன சொல்லியிருந்தேன்? 'ஒரு செகண்டு தூங்கு, எந்திரிச்சு ஒண்ணைக் கழி, மறுபடி தூங்கு.' இதுல என்ன சூட்சுமம்னா, தூங்குன்னு சொன்னா, ஒரு செகண்டுக்கு முன்னாடி எழுப்ப மாட்டேன்னுதான் கம்ப்யூட்டர் வாக்குக் குடுக்கும். சரியா ஒரு செகண்டுல எழுப்பிருவேன்னு குடுக்காது. வேற வேலை நெரிச்சா, கொஞ்சம் பிந்தி எழுப்பும். அந்தக் கொஞ்சம் ஒவ்வொரு எண்ணுக்கும் சேரும், யாரும் திருப்பிக் கழிக்க மாட்டாங்க. அதோட ஸ்கோரை ரெண்டு திரெட்டு ஒரே நேரத்துல தொட்டுறக் கூடாதுன்னு ஒரு பூட்டு போட்டிருந்தேன். டைமையும் அதே பூட்டுக்குள்ள வச்சிருந்தேன். லைவ் திரெட்டு உள்ள போயி படத்துல ஸ்கோரை ஒட்டிட்டு வார வரைக்கும், டைம் திரெட்டு வாசல்ல நிக்கும். என் ரூம்ல அது ஒண்ணு மட்டும்தான் ஓடுச்சு, அதான் சரியா இருந்துச்சு. கிரவுண்டுல எல்லாம் சேந்து ஓடுச்சு. ஆக, தப்பு லைவுனால வந்தது. லைவு யாரு? லிங்கதுரை.

அவன் நிலைமையும் பாவந்தான். நான் உள்ள இருந்தேன்லா, நல்லாம்பாறைக்காரங்களுக்கு ஆத்திரம் தீர ஆளு வேணும். பட்டப்பகல்ல அவன் ஸ்டுடியோவுக்கு வந்திருக்காங்க. "டைம மாத்துன லேப்டாப்பு எங்கல?"ன்னு கேட்டு அடிச்சிருக்காங்க. என் பேரச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. அவன் சொல்லலயாம். வலது கையைக் கடை வாசல்ல வச்சு, ஷட்டரை மேல இருந்து இழுத்து இறக்கியிருக்காங்க. ஒரு தடவை இல்ல. நாலு விரல் நொறுங்கிப் போச்சு, ஆஸ்பத்திரியில ஒண்ணை எடுத்துட்டாங்க. அன்னைக்கே எங்க ஊரு ஆளுங்க போயி நல்லாம்பாறையில ரெண்டு பைக்க கொளுத்துனாங்க, ஒரு ஆளை வெட்டுனாங்க. அவங்க வந்து எங்க வீட்டு ஓட்டைப் பூரா கல்லால நொறுக்கிட்டுப் போனாங்க. எங்கப்பா மண்டையில ஏழு தையல். நான் ஜாமீன்ல வந்து லிங்கதுரையப் பாக்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு செவுத்தப் பாத்து உக்காந்திருந்தான். திரெட்டு, பூட்டு எல்லாம் விளக்கமாச் சொன்னேன். உன் லைவுனாலதான் மாப்ள வந்துச்சு, ஆனா நான் உம்மேல கோவப்படலன்னு கூடச் சொன்னேன். அவன் எந்திரிச்சு உள்ள போயிட்டான். மனுசங்க அப்படித்தான்.

சரி, விசயத்துக்கு வாரேன். கோளாறைச் சரி பண்ணிட்டேன். நாலே வரி. ரெய்டு ஆரம்பிக்கும்போது கடியாரத்த ஒரு தடவை பாத்து வச்சுக்கிட வேண்டியது. எப்ப எந்திரிச்சாலும் மறுபடி கடியாரத்தப் பாத்து வித்தியாசத்த எடுக்க வேண்டியது. எவ்வளவு பிந்தி எந்திரிச்சாலும் கணக்கு தப்பாது. இப்ப எத்தனை லைவு ஓடட்டும், ஒண்ணும் பிசகாது. இதை யாருகிட்டயாவது காட்டணும்னு மனசு கிடந்து அடிச்சுக்கிட்டுது. எங்க ஊர்ல யாருக்கும் அக்கறை இல்ல. பேச்சிக்குமார் இன்னும் உள்ளதான் இருக்கான். கோயில்பிள்ளை சார் போனை எடுக்க மாட்டேங்காரு. அப்பதான் தங்கமாரி நினைப்பு வந்துச்சு. பாதிக்கப்பட்டவருக்கு நாம வேணும்னு செய்யலன்னு தெரிஞ்சா ஆறுதலா இருக்கும்லா? வக்கீலு, அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதன்னு சொல்லியிருந்தாரு. வக்கீலுக்கு சாஃப்ட்வேர் பத்தி என்ன தெரியும்?

ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு நல்லாம்பாறைக்குப் போனேன். உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் போனேன், அதை யாரும் நினைச்சுப் பாக்கதில்ல. வாசல்ல ஸ்கூல் வேன் நிக்கி, டயர்ல காத்து இல்ல. உள்ள ஒரு கட்டில்ல வேம்புராஜ், கால்ல வெளிய கம்பி கம்பியா மாட்டியிருக்கு. என்னையப் பாத்ததும் கட்டிலைப் புடிச்சு எந்திரிக்கப் பாத்தான், முடியல. கையில கிடைச்ச எவர்சில்வர் செம்ப எறிஞ்சான். நெத்தியில பட்டு வீங்கிப் போச்சு. இந்தா, தெரியுதுல்லா? தங்கமாரிதான், "வேண்டாம்ல, விடு. என்னன்னு கேப்போம்"னாரு. ஒரு கண்ணுல வெள்ளைக் கட்டு. அவரு சம்சாரம் கோமதி கதவப் புடிச்சுக்கிட்டு நிக்குது.

நான் தரையில உக்காந்து லேப்டாப்பத் தொறந்தேன். பழைய டைமர், புது டைமர், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டேன். கேமரா, லைவு எல்லாத்தையும் சேத்து ஓட்டுனேன். புதுசு சைபருக்கு வந்து நின்னுருச்சு. பழசு இன்னும் நாலு, மூணுன்னு நொண்டிக்கிட்டு வருது. "பாத்தீங்களாண்ணே? வேணும்னு செஞ்சது இல்ல. இவ்வளவுதான் விசயம். இப்ப சரியாயிருச்சு"ன்னேன். எனக்கு ஒரு சந்தோசம், பாத்துக்கிடுங்க.

தங்கமாரி குனிஞ்சு, நல்ல கண்ணை ஸ்கிரீனுக்குப் பக்கத்துல கொண்டாந்து, ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு. "பழசு பிந்துதுன்னு இப்ப உனக்குத் தெரியுது?"

"தெரியுதுண்ணே."

"அன்னைக்கு இதைத்தானப்பா உங்கிட்ட காட்ட ஓடி வந்தேன். 'தம்பி, செல்லுல பாரு, டைம் கூடிப் போச்சு, மைக்குல சொல்லு, அங்க எந்தம்பிய அடிக்காங்க'ன்னு கத்திக்கிட்டே வந்தேன்."

வேம்புராஜ் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான், தோள் குலுங்குது. என்னமாவது சொல்லணும்லா. நான் சொன்னேன், "நீங்க கையை நீட்டிக்கிட்டு வந்தா யாருக்குண்ணே தெரியும்? இனிமே எங்கயாவது இப்படின்னா, நின்னு நிதானமா, சத்தமாச் சொல்லுங்க. இல்லன்னா இப்படித்தான் ஆகும்."

நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். அந்தக் கோமதி பாய்ஞ்சு வந்து லேப்டாப்ப என் விரலோட சேத்து மூடி அமுக்குச்சு. தலைமயிரப் புடிச்சு வாசல் வரைக்கும் இழுத்துட்டுப் போயித் தள்ளிச்சு. ஆரஞ்சுப் பழம் எல்லாம் பின்னாலயே ஒவ்வொண்ணா வந்து விழுந்துச்சு. மறுநாள் ஸ்டேஷன்ல போயி, நான் வீடு புகுந்து மிரட்டுனேன்னு எழுதிக் குடுத்திருக்கு. 'இனிமே இப்படித்தான் ஆகும்'னு நான் சொன்னேனாம்.

இன்னைக்கு ஜட்ஜு கேப்பாரு. நான் சொன்னதை அப்படியே உங்ககிட்ட சொல்லிட்டேன். படிச்சவரு மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. அதுல மிரட்டல் எங்க இருக்கு?